நான்கு சக்கர இயக்கம்: பெட்ரோல் எங்கே போகிறது, பணம் எங்கே போகிறது?

சிறிய எஸ்யூவி வாங்கக் கிளம்பியவர்களிடம் ஆல் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் இயக்கம் என்று சொன்னால் போதும், "அது பெட்ரோல் குடிக்குமே" என்பார்கள். குடிக்கும்தான். ஆனால் பயந்து ஒதுங்கும் அளவுக்குக் குடிப்பதில்லை. அந்த வண்டி பணத்தைக் கரைக்கும் இடங்கள் வேறு. அவற்றைப் பற்றி ஷோரூமில் யாரும் தாமாக வாய் திறப்பதில்லை.

ஒரே வண்டியை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். 2023ஆம் ஆண்டின் ஹோண்டா சிஆர்-வி அதற்கு வசதியானது. பெட்ரோல், பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் இரண்டும் முன்சக்கர இயக்கத்திலும் நான்கு சக்கர இயக்கத்திலும் வந்தன. சுருக்கமாக அவற்றை முன்சக்கர வண்டி, நான்கு சக்கர வண்டி என்போம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட எண்களைக் கிலோமீட்டருக்கு மாற்றிப் பார்த்தால், நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் முன்சக்கர பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12.8 கி.மீ. தருகிறது, நான்கு சக்கர பெட்ரோல் வண்டி 12.3. ஹைப்ரிட்டில் முன்சக்கரம் 17, நான்கு சக்கரம் 15.7. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு பெட்ரோல் வண்டியில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 40 லிட்டர். அந்த வண்டியின் டேங்க் 53 லிட்டர் கொள்ளும். ஆண்டு முழுவதற்குமான கூடுதல் செலவு ஒரு டேங்க் கூட வரவில்லை.

இன்னொன்றும் இந்த எண்களிலேயே இருக்கிறது. நான்கு சக்கர ஹைப்ரிட் தரும் 15.7, முன்சக்கர பெட்ரோல் வண்டியின் 12.8ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. எனவே எரிபொருள் செலவைப் பொறுத்தவரை எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது சின்னக் கேள்வி. எது இழுக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. முதல் கேள்வியில் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, இரண்டாவதை விற்பனையாளர் கையில் கொடுத்துவிடுகிறவர்கள் அதிகம்.

கணக்குப் போடும்போது ஒரு பொறியைத் தாண்ட வேண்டும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிப் பழகிய மூளை அதில் தவறாமல் விழும். லிட்டருக்கு 8 கி.மீ. தந்த வண்டியை விட்டு 10 தரும் வண்டிக்கு மாறுவதும், 16 தந்ததை விட்டு 20 தருவதற்கு மாறுவதும் எதில் அதிக லாபம்? பார்த்தவுடன் இரண்டாவது என்று தோன்றும். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போடுங்கள். முதல் மாற்றத்தில் 12.5 லிட்டர் 10 ஆகிறது, இரண்டரை லிட்டர் மிச்சம். இரண்டாவதில் 6.25 லிட்டர் 5 ஆகிறது, ஒன்றேகால் லிட்டர்தான் மிச்சம். லாரிக், சோல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பிறகு அமெரிக்காவில் புதிய கார்களில் ஒட்டும் சீட்டிலேயே குறிப்பிட்ட தூரத்துக்கு ஆகும் எரிபொருளையும் சேர்த்து அச்சிட்டார்கள். வண்டிகளை ஒப்பிடுகிறவர் மைலேஜை மறந்துவிட்டு லிட்டரில் எண்ணுவதே நல்லது. இனி செலவுக் கணக்கை அப்படியே போடுவோம்.

நான்கு சக்கர வண்டி கூடுதலாகக் குடிப்பது எதனால்? முன்பக்க கியர்பாக்ஸிலிருந்து சக்தியைப் பிரித்தெடுக்க ஒரு பெட்டி, அங்கிருந்து பின்னால் போகும் நீண்ட ஷாஃப்ட் என்ற சுழல் தண்டு, அதன் முனையில் தேவைப்படும்போது மட்டும் பிடிக்கும் கிளட்ச், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிடும் பின் டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் அச்சுத் தண்டுகள். எல்லாம் சேர்ந்து எடையைக் கூட்டுகின்றன. 45 கிலோ எடை கூடினால் எரிபொருள் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். இதைத் தவிர, கிளட்ச் பிடிக்காமல் இருக்கும்போதும் அந்த ஷாஃப்ட் வெறுமனே சுழன்றுகொண்டே இருக்கும்; பின் டிஃபரன்ஷியலில் உள்ள கெட்டி எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். இந்த வீண் சுழற்சியை நிறுத்தத்தான் 2014இல் வந்த ஜீப் செரோக்கியிலும், 2019இல் வந்த டொயோட்டா ராவ்4இன் ஒரு வகையிலும் ஷாஃப்ட்டையே கழற்றிவிடும் அமைப்பைக் கொண்டுவந்தார்கள்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இன்னும் மோசமாகக் குடிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. சுபாரு ஃபாரஸ்டர் அப்படிப்பட்ட வண்டிதான். 2019 முதல் 2024 வரை வந்த அதன் மாடலுக்கு அதே முகமை கொடுத்த கலப்பு எண்ணும் லிட்டருக்கு 12.3 கி.மீ.தான், அதாவது, தேவைப்படும்போது மட்டும் இழுக்கும் சிஆர்-விக்குச் சமம். அதற்கு விலையாக ஃபாரஸ்டர் கொடுப்பது வேகத்தை. முந்திச் செல்லும்போது அது யோசித்து யோசித்துத்தான் கிளம்பும். அது பரவாயில்லை என்பவர்களுக்கு நிரந்தர இயக்கத்தைப் பார்த்து அஞ்சக் காரணமில்லை.

அடுத்து ஹைப்ரிட். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் கலப்பு எண் பாதி உண்மையை மறைத்துவிடுகிறது. நான்கு சக்கர சிஆர்-வியையே மறுபடி எடுத்துக்கொள்வோம். நகரத்தில் பெட்ரோல் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 8.7 லிட்டர் எடுக்கிறது, ஹைப்ரிட் 5.9. நெடுஞ்சாலையில் பெட்ரோல் 7.35, ஹைப்ரிட் 6.9. நகரத்தில் கிட்டத்தட்ட 3 லிட்டர் வித்தியாசம், நெடுஞ்சாலையில் அரை லிட்டர் கூட இல்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைத் திரும்பப் பிடித்து பேட்டரியில் போட்டுக்கொள்வதுதான் ஹைப்ரிட்டின் சம்பாத்தியம். பிரேக்கே பிடிக்காமல் நூறு கிலோமீட்டர் போகிறவரிடம் அது எதைச் சம்பாதிக்கும்? போதாக்குறைக்கு, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 90 கி.மீ. வேகத்திலிருந்து 120க்குப் போனால் அந்த எதிர்ப்பு 78 சதவீதம் கூடிவிடும். உயரமான எஸ்யூவிக்கு அது நேரான அடி. எந்த பேட்டரியாலும் அதைத் தடுக்க முடியாது.

ஹைப்ரிட்டுக்குக் கூடுதலாகக் கேட்கும் விலையை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. அந்தத் தொகையை உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் வகுத்து லிட்டராக மாற்றிவிடுங்கள். பேச்சுக்கு 1,500 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கி.மீ. முழுக்க நகரத்தில் ஓட்டுகிறவர் ஏறக்குறைய 425 லிட்டர் மிச்சம் பிடிப்பார். மூன்றரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். இரண்டும் கலந்து ஓட்டுகிறவருக்கு ஆண்டுக்கு 263 லிட்டர் மிச்சம். ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. நெடுஞ்சாலையிலேயே காலம் கழிக்கிறவருக்கு ஆண்டுக்கு 65 லிட்டர்தான். 23 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் வண்டி இருக்குமா என்பதே சந்தேகம். வருடத்துக்கு 6,000 கி.மீ. தாண்டாதவர் நகரத்துக்குள்ளேயே ஓட்டினாலும் கணக்கு எளிதில் கட்டுப்படியாகாது. அவர் அமைதிக்காகவும் சுகத்துக்காகவும் ஹைப்ரிட் வாங்கலாம், சேமிப்பு என்று சொல்லி வாங்க வேண்டாம்.

ஒரு வேடிக்கையும் இதில் உண்டு. நான்கு சக்கர இயக்கத்தை உண்மையாகவே தேவைப்படுத்துவது பனி. ஆனால் ஹைப்ரிட்டுக்குப் பிடிக்காததும் குளிர்தான். 25 டிகிரி செல்சியஸில் கிடைப்பதோடு ஒப்பிட்டால், மைனஸ் 7 டிகிரியில் சாதாரண பெட்ரோல் காரின் நகர மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும். ஹைப்ரிட்டுக்கு 30 முதல் 34 சதவீதம் வரை குறையும். உள்ளே சூடு வேண்டும் என்பதற்காகவே இன்ஜின் அடிக்கடி விழித்துக்கொள்கிறது, பேட்டரியும் சோம்பிக் கிடக்கிறது. அப்படிக் குறைந்த பிறகும் ஹைப்ரிட் முன்னணியில்தான் இருக்கும், ஆனால் மேலே சொன்ன மூன்றரை ஆண்டு நீளும்.

நான்கு சக்கர ஹைப்ரிட்டிலும் இரண்டு இனம் இருக்கிறது. சிஆர்-வியில் பின்சக்கரங்களுக்கு ஷாஃப்ட் போகிறது. 2019இல் வந்த தலைமுறை ராவ்4 ஹைப்ரிட்டில் ஷாஃப்ட் கிடையாது. பின் அச்சில் 40 கிலோவாட் மோட்டார் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. அது தேவைப்பட்டால் தள்ளும், பிரேக் பிடிக்கும்போது பின்னாலிருந்தும் மின்சாரம் சேர்க்கும். அதன் நான்கு சக்கர வகை லிட்டருக்கு 17 கி.மீ. தருகிறது, முன்சக்கர சிஆர்-வி ஹைப்ரிட்டுக்கு ஈடாக. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். தேய்வதற்கும் எண்ணெய் மாற்றுவதற்கும் உறுப்புகள் குறைவு. ஆனால் சேறும் மேடும் உள்ள இடத்தில் நீண்ட நேரம் பின்சக்கரத்தை நம்பி ஏற வேண்டியவருக்கு ஷாஃப்ட் உள்ள வண்டியே உறுதி. இன்னொன்று, 2019க்குப் பிறகு வந்த ராவ்4 ஹைப்ரிட்டுகள் சிலவற்றில், பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில், பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பு அரித்துப்போனது. உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டிய நிலைக்கு நிறுவனம் வந்தது. பழைய வண்டி வாங்குகிறவர் அடியில் படுத்து அந்த இணைப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட்டைப் பற்றிய என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ராவ்4 பிரைம் முழு சார்ஜில் 68 கி.மீ. மின்சாரத்தில் மட்டுமே ஓடும். தினசரி ஓட்டம் அதற்குள் அடங்கி, வீட்டில் பிளக் பாயிண்ட்டும் இருந்தால் இதைவிடச் சிக்கனமானது எதுவும் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு 22 யூனிட் சொச்சம் எடுக்கிறது. சாதாரண ராவ்4 ஹைப்ரிட் அதே தூரத்துக்கு 5.9 லிட்டர் எடுக்கிறது. ஆக, உங்கள் ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை நான்கு யூனிட் மின்சாரத்தின் விலையைவிட அதிகமாக இருந்தால் மின்சாரமே லாபம். சார்ஜ் செய்யாமல் ஓட்டினால் கதை மாறுகிறது. 200 கிலோவுக்கு மேல் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு சாதாரண ஹைப்ரிட்டைவிட அதிகமாகவே குடிக்கும். அப்படித்தான் பலரும் ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பிளக்-இன் ஹைப்ரிட்டுகள் சாலையில் உமிழும் கரியமில வாயு ஆய்வுக்கூட எண்ணைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு. வாகன நிறுத்தத்தில் சார்ஜ் வசதி இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர் இந்த வண்டியைத் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

டீசல் நான்கு சக்கர வண்டி நீண்ட தூரக்காரருக்கு மட்டும். குறுகிய தூரமே ஓட்டினால் புகைத்துகள் வடிகட்டி தன்னை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவு, மிச்சம் பிடித்த டீசலையெல்லாம் விழுங்கிவிடும். இரட்டை மோட்டார் மின்சார எஸ்யூவியில் நான்கு சக்கரத்துக்காகும் கூடுதல் செலவு அற்பம். ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்றவற்றில் தேவையில்லாதபோது முன் மோட்டாரை அச்சிலிருந்து கழற்றியே விட்டுவிடுகிறார்கள்.

எரிபொருளை இத்துடன் விடலாம். நான்கு சக்கர வண்டியின் உண்மையான செலவு டயரில் இருக்கிறது.

புது டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம். பாதி ஆயுளில் அது 5 மி.மீ. ஆகியிருக்கும்போது ஒரு டயரின் பக்கவாட்டில் ஆணி கிழித்துவிடுகிறது, ஒட்ட முடியாது. முன்சக்கர வண்டியென்றால் ஒன்றோ, மிஞ்சினால் இரண்டோ மாற்றிவிட்டுப் போகலாம். நான்கு சக்கர வண்டியில் ஒரு புது டயர் மட்டும் போட்டால் அதன் ஆரம் மற்றவற்றைவிட 3 மி.மீ. கூடுதல். இந்த ரக வண்டிகளில் பரவலாக வரும் 225/65 ஆர்17 அளவில் டயரின் சுற்றளவு சுமார் 2.27 மீட்டர். தேய்ந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் புது டயரைவிட மூன்று நான்கு சுற்று அதிகமாகச் சுற்றும். நேர்ச்சாலையிலும் அந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியலும் கிளட்ச்சும் ஓயாமல் சமாளிக்க வேண்டும். சூடேறும், எண்ணெய் கருகும், கிளட்ச் தேயும். சுபாரு தன் வண்டிகளுக்கு நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. பள்ள ஆழத்தில் சொன்னால் அது வெறும் ஒரு மில்லிமீட்டர்.

ஆக, ஒரு ஆணிக்கு நான்கு டயர். அல்லது புது டயரைச் செதுக்கி மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த இயந்திரம் எல்லா டயர் கடையிலும் இருக்காது. முன்பின் டயர்களைக் காலாகாலத்தில் மாற்றிப் போடுவது மற்ற வண்டிகளில் நல்ல பழக்கம், இதில் கட்டாயம். அழகுக்காக 19 அங்குலச் சக்கரம் உள்ள உயர்வகையை எடுத்தவருக்கு இந்த நான்கு டயர் கணக்கு இன்னும் கசக்கும். எரிபொருளில் ஆண்டுக்கு 40 லிட்டர் என்று கவலைப்பட்டவர் இந்த ஒரு பில்லில் பல ஆண்டுகளின் 40 லிட்டரைக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது எண்ணெய். பின் டிஃபரன்ஷியலுக்கும் கிளட்ச்சுக்கும் தனி எண்ணெய் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் வரும் ஹால்டெக்ஸ் கிளட்ச்சின் ஐந்தாம் தலைமுறையில் தனி வடிகட்டி இல்லை. பம்பின் முனையில் சிறு சல்லடை மட்டும் இருக்கிறது. எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு அந்தச் சல்லடையைக் கழுவாமல் விட்டால், தேய்ந்த கிளட்ச்சின் தூள் அடைத்து பம்ப் எரிந்துபோகும். பிறகு பெயரளவில்தான் அது நான்கு சக்கர வண்டி. ஹோண்டாவில் பின் டிஃபரன்ஷியல் எண்ணெய் கெட்டால் வண்டியே சொல்லிவிடும்: மெதுவாக வளைத்துத் திருப்பும்போது பின்னாலிருந்து முனகல் கேட்கும். அந்த நிறுவனத்துக்கே உரிய எண்ணெயை ஊற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

வண்டி வழியில் நின்றுவிட்டால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் போக முடியாது. முழு வண்டியையும் மேலே ஏற்றும் லாரிதான் வேண்டும். காப்பீடு எடுக்கும்போதே அந்தச் சேவை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஹைப்ரிட்டில் பிரேக் பேடுகள் நீண்ட நாள் வருவது சின்ன ஆறுதல். பல ஹைப்ரிட்டுகளில் பின் இருக்கைப் பக்கம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் ஒன்று இருக்கும். அதன் வலையைச் சுத்தம் செய்யாமல் மேலே பையைப் போட்டு மூடி வைப்பவர்கள் பேட்டரியின் ஆயுளைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, முன்சக்கர வண்டியோடு நல்ல டயர் என்ற மலிவான வழியும் இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களும் நான்கு சக்கரத்தாலும்தான் பிரேக் பிடிக்கின்றன, அங்கே டயரின் பிடிதான் பேசும். பனியில் சாதாரண டயரோடு ஓடும் நான்கு சக்கர வண்டியைவிடக் குளிர்கால டயர் போட்ட முன்சக்கர வண்டி முன்னதாக நிற்கும். இரண்டு செட் டயர் வாங்கினாலும் செலவு இரட்டிப்பாவதில்லை. ஒன்று ஓடும்போது மற்றொன்று தேய்வதில்லை.

யாருக்கு எது? தார்ச்சாலையை விட்டு இறங்காதவருக்கும், பனியோ செங்குத்தான ஈர மண் பாதையோ பார்க்காதவருக்கும் முன்சக்கர ஹைப்ரிட். நகரத்தில் அதிகம் ஓட்டி, ஆண்டில் சில மாதம் வழுக்கும் பாதையைக் கடப்பவருக்கு மோட்டார் பின் அச்சு உள்ள நான்கு சக்கர ஹைப்ரிட். நெடுஞ்சாலையில் ஓடி, முடிவில் மலைப்பாதை ஏறுகிறவருக்கு ஷாஃப்ட் உள்ள சாதாரண பெட்ரோல் வண்டியே போதும். ஹைப்ரிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அவருக்குத் திரும்பாது.

பழைய வண்டியாக வாங்குகிறவர் மைலேஜைக் கேட்பதற்கு முன் குனிந்து நான்கு டயரையும் பார்க்கட்டும். நான்கும் ஒரே கம்பெனியா, பள்ளம் ஒரே ஆழமா என்று அளவுகோலை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மூன்று ஒரு பெயரும் ஒன்று வேறு பெயருமாக இருந்தால், அந்த ஒன்று எத்தனை ஆயிரம் கிலோமீட்டராக ஓடுகிறது என்று கேட்க வேண்டும். அடுத்து ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, ஆள் நடக்கும் வேகத்தில் வட்டமடிக்க வேண்டும். பின்னால் துள்ளினாலோ, எண்ணெய் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றாலோ, அந்தப் பழுதின் செலவைக் கேட்ட விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்கலாம்.